யூரின் கல்ச்சர் பார்க்கப் பழகுகிறவர்களுக்கு

குமுளியில் நான் வேலை பார்க்கும் லேபுக்கு வரும் சிறுநீர் மாதிரிகளில் பல, கம்பம் பக்கத்திலிருந்து ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களுடையவை. தோட்டத்தில் ஒதுங்க மறைவிடம் கிடையாது. காலையில் வந்தவர்கள் மாலைவரை அடக்கிக்கொண்டே காய் எடுப்பார்கள். நீர்க்கடுப்பு வராமல் எங்கே போகும்? கிருமி எது, எந்த ஆன்டிபயாட்டிக்குக்கு அது மசியும் என்று கண்டுபிடிக்கும் வேலையை, பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் வரிசையிலேயே எழுதுகிறேன். அனுபவப்பட்டவர் பக்கத்தில் நிற்க லேபில் செய்ய வேண்டிய வேலை இது. வீட்டு அடுப்படிக்கு ஆகாது.

படி 1: மாதிரியை வாங்குதல்

"எப்போது பிடித்தீர்கள் அக்கா?"

"விடியக்காலம், ஜீப் வருவதற்கு முன்னாடியே பிடித்துவிட்டேன் பாப்பா."

சுவரில் மணி பதினொன்று. டப்பா அதுவரை சோற்றுத் தூக்கோடு பையில் கிடந்து வெதுவெதுவென்று இருக்கிறது. சாதகமான சூழலில் ஈ. கோலை என்ற கிருமி சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தச் சிறுநீரை, கிருமி வளர்க்க அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் தீற்றினால் தட்டு நிறைய முளைக்கும். அக்காவின் உடம்பில் எவ்வளவு இருந்தது என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியாது. பிடித்த 2 மணி நேரத்துக்குள் மாதிரி வர வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் 24 மணி நேரம்வரை தாங்கும். இல்லையென்றால் புது டப்பா கொடுத்து, முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். சங்கடப்பட்டுக்கொண்டு பழையதையே வாங்கி வைக்காதீர்கள்.

ஏற்கெனவே ஆன்டிபயாட்டிக் மாத்திரை ஏதும் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பைக் கட்டுப்படுத்தக் கேரளம் 2018-இல் தனிச் செயல்திட்டமே கொண்டுவந்தது. ஆனாலும் யார் வீட்டிலோ மிஞ்சிய இரண்டு மாத்திரை எப்படியோ கைமாறி வந்துவிடுகிறது.

படி 2: தீற்றுதல்

0.001 மில்லி பிடிக்கும் லூப்பால் (நுனி வளைந்த கம்பி) தட்டில் தீற்றி, 35 டிகிரி செல்சியஸில் ஓர் இரவு வையுங்கள். மறுநாள் 100 புள்ளிகள் (ஒவ்வொன்றும் ஒரு கிருமிக் கூட்டம்) முளைத்திருந்தால் ஒரு மில்லிக்கு 1 லட்சம் என்று கணக்கு. மூன்று நான்கு வகை கலந்து முளைத்திருந்தால் மாதிரியே கெட்டது, திரும்பக் கேளுங்கள்.

படி 3: பெயர் கண்டுபிடித்தல்

கிராம் சாயத்தில் சிவப்புக் குச்சிகள், மெக்கான்கி தட்டில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், இண்டோல் சோதனையில் செக்கச்சிவந்த வளையம், சிட்ரேட் குழாய் பச்சையாகவே நிற்பது: நான்கும் சேர்ந்து ஈ. கோலையைக் காட்டும். சிட்ரேட் நீலமானால் கிளெப்சியெல்லா என்ற வேறு கிருமியா என்று பாருங்கள்.

படி 4: மருந்து வில்லைகள்

1966-இல் பாவர், கர்பி முதலியோர் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் செய்கிறோம்: கிருமி தடவிய தட்டில் மருந்து ஏற்றிய காகித வில்லைகளை வைத்து, சுற்றிலும் கிருமி முளைக்காத வளையத்தை அளப்பது. புள்ளிகளைச் சலைனில் (உப்புநீர்) கரைத்து, ஒப்பிடுவதற்கென்றே வைத்திருக்கும் மெக்ஃபார்லண்ட் 0.5 குழாயின் கலங்கலோடு ஒப்பிடுங்கள். நீராகாரம்போலக் கலங்கினால் அதிகம்; குழாய்க்குப் பின்னால் பிடித்த கறுப்புக் கோடு லேசாக மங்கினால் போதும். கலங்கல் கூடினால் வளையம் சுருங்கும், குறைந்தால் விரியும். 15 நிமிடத்துக்குள் பஞ்சுக்குச்சியால் முல்லர்-ஹின்டன் அகார் தட்டின் மூன்று திசைகளிலும் தடவி, வில்லைகளை வையுங்கள். அகாரின் ஆழம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். வைத்த வில்லையை நகர்த்தக் கூடாது. தொட்ட மாத்திரத்தில் மருந்து இறங்கத் தொடங்கிவிடும். பிறகு 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

படி 5: அளத்தல்

புதியவர்கள் சறுக்கும் இடம் இது. பெரிய வளையம் என்றால் நல்ல மருந்து என்று நினைத்துவிடுவார்கள். ஈ. கோலை தட்டில் சிப்ரோஃபிளாக்சசின் வளையம் 20 மில்லிமீட்டர், நைட்ரோஃபியூரன்டாயின் வளையம் 18 என்று வைத்துக்கொள்ளுங்கள். லேப்களுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பான சிஎல்எஸ்ஐயின் அட்டவணைப்படி முதலாவது எதிர்ப்பு, அதாவது அதற்குக் கிருமி மசியாது. இரண்டாவதுதான் கேட்கும் மருந்து. ஒவ்வொரு மருந்தும் அகாரில் பரவும் வேகமும் வில்லையில் இருக்கும் அளவும் வேறு. அதனால் எல்லைக்கோடும் வேறு.

நானும் சறுக்கியிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையை நம்பி, சிப்ரோ 21 மில்லிமீட்டருக்கு 'கேட்கும்' என்று எழுதினேன். 2019-இல் எல்லை மாறி, 26-உம் மேலும் இருந்தால்தான் கேட்கும், 21-உம் கீழும் எதிர்ப்பு என்று ஆகியிருந்தது. மூத்தவர் கையெழுத்திடும் முன் பார்த்ததால் ரிப்போர்ட் வெளியே போகவில்லை.

ஒவ்வொரு தொகுதியோடும் ஏடிசிசி 25922 என்ற, வளையம் எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்த சோதனை ஈ. கோலையையும் வளர்த்துப் பாருங்கள். அதற்கு ஜென்டமைசின் வளையம் 19-க்கும் 26-க்கும் வெளியே போனால் அன்றைய ரிப்போர்ட்டை நிறுத்துங்கள். எழுதும்போது 'கேட்கும்', 'எதிர்ப்பு' என்பதோடு மில்லிமீட்டரையும் நோட்டில் குறித்துவையுங்கள். அட்டவணை மாறும்போது திரும்பப் பார்க்க அதுதான் உதவும்.