ஒரு டேங்கர், 12 வீடு
2024 மார்ச்சில் பெங்களூரு மாவட்ட நிர்வாகம் 6,000 லிட்டர் தண்ணீர் டேங்கருக்கு, 5 கிலோமீட்டருக்குள் என்றால் 600 ரூபாய் என்று விலை கட்டியது. எங்களுக்கு வழக்கமாக வருபவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. அல்சூரில் எங்கள் சந்தின் 12 வீடும் சேர்ந்து வேறு ஆளைப் பிடித்தோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் பணம், அப்புறம்தான் தண்ணீர். வீட்டுக்கு 500 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் 33. கணக்கைச் சாக்பீஸால் சுவரில் எழுதுங்கள். நோட்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை.

கூடுதலாகப் பிடித்தவரை உடனே விலக்காதீர்கள். முதல் தடவை வரிசையில் கடைசி. மறுபடியும் என்றால் ஒரு முறை தண்ணீர் கிடையாது. 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், மக்களே நடத்தும் பாசனங்களில் கண்டதும் இந்தப் படிப்படியான தண்டனைதான்.

மாடிவீட்டுப் பாட்டிக்குக் குடம் தூக்க மட்டும் விதி போடவில்லை. பையன்கள் போட்டி போட்டுத் தூக்குகிறார்கள். பாட்டி முறுக்கு தருவார்.