சோஷியல் டான்ஸ்: ஸ்டெப்பை ஒப்பிக்காமல் ஆடுவது எப்படி?

சென்னையில் சல்சா, பச்சாட்டா போன்ற ஜோடி நடன வகுப்புகளுக்குப் போகிறவர்கள் ஸ்டெப்புகளை நன்றாகவே கற்றுக்கொள்கிறார்கள். சிக்கல் வருவது, எல்லோரும் கூடி ஜோடி மாற்றி ஆடும் சோஷியலில்தான். அங்கே பார்ட்னரும் புதிது, பாட்டும் புதிது. வகுப்பில் பழகிய காம்போ (ஸ்டெப்புகளின் வரிசை) பாதியிலேயே நின்றுவிடுகிறது. ‘இன்னும் நிறைய ஸ்டெப் தெரிந்திருக்கணும்’ என்று அடுத்த வகுப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். முதல் தவறே இதுதான். பத்து ஸ்டெப் தெரிந்தாலே ஒரு மாலை முழுக்க ஆடலாம். பாட்டைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சல்சாவுக்கு எட்டு எண்ணிக்கை. வகுப்புகளில் சொல்லித்தரும் கணக்குப்படி ஒன்று, இரண்டு, மூன்றில் அடி வைத்து நான்கில் நிற்போம். ஐந்து, ஆறு, ஏழில் அடி வைத்து எட்டில் நிற்போம். புதியவர்கள் அந்த நான்கையும் எட்டையும் விழுங்கிவிட்டு அடுத்த சுழற்சிக்கு ஓடுகிறார்கள். மனோதர்மத்துக்கு, அதாவது அந்த நேரத்துக் கற்பனைக்கு, இடமே அங்கேதான் இருக்கிறது. தோளை ஒருமுறை அசைக்கலாம், இடுப்பை மெதுவாக முடிக்கலாம், சும்மாவும் இருக்கலாம். ஆதி தாளத்துக்கும் எட்டு அட்சரம்தான். கல்பனாஸ்வரம் பாடுபவர் எங்கெங்கோ போய்விட்டுச் சரியாக எடுப்புக்கு (பாட்டு வரி தொடங்கும் இடத்துக்கு) வந்து சேரும்போது, சபாவில் தொடையில் தாளம் போட்டபடி தலையாட்டும் ஊர் இது. அந்தக் காதையே சல்சாவுக்கும் கொடுங்கள்.

வீட்டில் இப்படிப் பழகிப் பாருங்கள். ஒரே பாட்டுக்கு பேசிக் ஸ்டெப்பை மட்டும் மூன்று முறை ஆடுங்கள். முதலில் காங்கா மேளத்தை மட்டும் கவனியுங்கள், அடுத்து பியானோவை, அப்புறம் பாடுகிறவரின் குரலை. ஸ்டெப் மாறாமலே ஆட்டம் மாறுவது தெரியும்.

அடுத்த தவறு, ஒரு பாணியின் பழக்கத்தை எல்லாப் பாணிக்கும் கொண்டுபோவது. லாஸ் ஏஞ்சலஸ் சல்சா நேர்கோட்டில் நகரும். கியூபாவின் கசீனோவில் ஜோடி ஒருவரையொருவர் சுற்றி வரும். டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த பச்சாட்டாவில் மூன்று அடி வைத்து நான்காவதில் தட்டுவோம். அர்ஜென்டினா டாங்கோவுக்கு நடைதான் அடிப்படை. எல்லா ஜோடிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். அங்கே போய் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தால் பின்னால் வருகிறவர்கள் தேங்கிப்போவார்கள். 1920களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்த ஜோடி நடனமான லிண்டி ஹாப்பில் ஜோடி விலகித் திறக்கும் நேரம், இருவரும் சொந்தமாக எதையாவது செய்து பார்ப்பதற்கானது. லீட் செய்பவர் (ஆட்டத்தை வழிநடத்துபவர்) பிடியை இறுக்கிக்கொண்டால் அந்த நேரம் வீணாகிவிடும்.

கைப்பிடி எல்லாப் பாணிக்கும் பொது. கட்டைவிரலால் பார்ட்னரின் கையை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுழலும்போது விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கிப் போக வேண்டும், இல்லையென்றால் மணிக்கட்டு முறுகும். அவரைப் பின்தொடர்ந்து ஃபாலோ செய்பவர்களும் ‘அடுத்து டர்ன்தான்’ என்று ஊகித்து முந்திக்கொள்ளக் கூடாது. அரை நொடி காத்திருந்தால் வேறு ஏதாவது வரலாம், அதுதானே சுவாரஸ்யம்!

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். முதல் பாட்டிலேயே, கேட்காமல் கொள்ளாமல், பார்ட்னரைப் பின்பக்கமாகச் சாய்க்கவே கூடாது. அவருக்கு முதுகுவலி இருக்கிறதா, நெருக்கத்தை விரும்புகிறாரா என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. ஆடிக்கொண்டிருக்கும்போது பாடம் எடுப்பதும் வேண்டாம். அவர் வந்தது ஆட, திருத்திக்கொள்ள இல்லை.

தரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிடிப்பான ரப்பர் சோல் ஷூ போட்டுச் சுழன்றால், பாதம் நின்று முட்டி மட்டும் திரும்பும், வலி அங்கேதான் தொடங்கும். வழவழப்பான கிரானைட்டில் வெறும் சாக்ஸோடு ஆடினால் வழுக்கி விழுவீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நான்கு பாட்டுக்குள் சட்டை நனைந்துவிடும். ஒரு துண்டும் மாற்றுச் சட்டையும் பையில் இருக்கட்டும்.