வீட்டிலேயே டெமோ பதிவு: அந்த ‘உம்ம்ம்’ சத்தம் போன வழி

போன கோடையில் மூன்று பாட்டு கொண்ட டெமோ ஒன்றைக் காட்பாடியில் எங்கள் வீட்டிலேயே பதிவு செய்து முடித்தேன். பாட வரும், ஆனால் பதிவு செய்து பழக்கமில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மென்பொருளை நிறுவுவதெல்லாம் பத்து நிமிட வேலை, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் பாட்டு. மூன்று போதும். முதல் அரை நிமிடத்துக்குள் உங்கள் குரல் வந்துவிட வேண்டும், அதனால் நீளமான முன்னிசையை வெட்டுங்கள். ஒன்று சொந்த மெட்டாக இருக்கட்டும். ஒன்றை வெறும் சுருதிப் பெட்டியோடு பாடுங்கள். குரலின் உண்மையான தரம் அதில்தான் தெரியும். கட்டையை, அதாவது பாடும் சுருதியை, ஆசைப்பட்டு ஏற்ற வேண்டாம். இருபது தடவை பாடினாலும் தொண்டை கட்டாத கட்டை எதுவோ, அதுதான் உங்கள் கட்டை.

அடுத்து அறை. கத்திரி வெயிலில் ஃபேனை நிறுத்திவிட்டுப் பாடுவது எவ்வளவு கஷ்டம் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நிறுத்தத்தான் வேண்டும், ஃபேன் காற்று மைக்கில் விழுந்தால் பாட்டு முழுக்க இரைச்சல். விடியற்காலை மூன்று மணிக்கு மேல்தான் நான் பாடினேன். ஜங்ஷன் பக்கம் என்பதால் ரயில் ஹாரன் எப்படியும் வரும். அந்த வரியை மட்டும் திரும்பப் பாடிவிடுவேன். துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதற்கு முதுகைக் காட்டி நின்று பாடுங்கள், எதிரொலி நன்றாகக் குறையும்.

மைக் விஷயத்தில் என் கருத்து உறுதியானது: சாதாரண வீட்டு அறைக்கு மெல்லிய சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் வேண்டாம், அவ்வளவு நுட்பமில்லாத டைனமிக் மைக் வாங்குங்கள். தெருவில் போகும் ஆட்டோவையும் கண்டென்சர் இழுத்துக்கொள்ளும். என்னிடம் இருப்பது ஷூர் எஸ்எம்58 என்ற டைனமிக் மைக், அதோடு மைக்கை லேப்டாப்பில் இணைக்கும் பெட்டியான (இன்டர்ஃபேஸ்) ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ. மென்பொருள் ரீப்பர், 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

இப்போது என்னை மூன்று வாரம் அலைக்கழித்த இடத்துக்கு வருகிறேன். எல்லாம் சரியாக மாட்டியிருந்தும், பாடாத இடத்திலெல்லாம் அடியில் ‘உம்ம்ம்’ என்று ஒரு சத்தம். கேபிளை மாற்றினேன், மைக்கைக்கூட மாற்றிப் பார்த்தேன். ஒருநாள் லேப்டாப்பின் விளிம்பில் மணிக்கட்டு பட்டபோது எறும்பு ஊர்வதுபோல லேசாகக் குறுகுறுத்தது. சார்ஜரைப் பிடுங்கினேன். சத்தமும் குறுகுறுப்பும் ஒன்றாக நின்றன. எங்களுடையது பழைய வீடு. மூன்று ஓட்டை பிளக் பாயிண்ட் இருக்கிறது, உள்ளே எர்த் ஒயர் இணைக்கப்படவே இல்லை. எலக்ட்ரீசியனை வைத்து அதைச் சரிசெய்த பிறகு சார்ஜர் மாட்டினாலும் சத்தமில்லை. அதுவரை பேட்டரியில் ஓட்டிப் பதிவு செய்தேன். சத்தம் போகிறதே என்று எர்த் பின்னை உடைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், உயிருக்கே ஆபத்து.

அப்புறம் ஃபில்டர் (குறிப்பிட்ட அதிர்வெண்களை வெட்டும் மென்பொருள் வசதி) போட்டு அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாமே என்று நினைக்காதீர்கள். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். அதன் சத்தம் 100, 150 என்று மேலேயும் ஏறும். ஒன்றரைக் கட்டையில் பாடும் ஆணின் ஆதார ஷட்ஜமம் ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ். சத்தத்தை அழுத்தி வெட்டப் போனால் குரலின் கனமும் சேர்ந்து போகும். நான் வெட்டிப் பார்த்தேன், தகர டப்பாவுக்குள் பாடியதுபோல இருந்தது.

பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. பாட்டின் உச்சத்தைப் பாடிப் பார்த்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபெல்லைத் தொடும்படி இன்டர்ஃபேஸில் கெயின் (மைக் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு) வையுங்கள். சிவப்பு எரிந்தால் அந்த டேக் போனதுதான், பிறகு சரிசெய்ய முடியாது. சொந்த மெட்டுக்கு அம்மன் கோயில் திருவிழாக்களில் பம்பை அடிக்கும் அண்ணன் ஒருவர் வந்து வாசித்தார். அறைக்குள் அது அதிர்ந்துவிட்டது. மொட்டை மாடிக்குப் போய், மைக்கை நாலடி தள்ளி வைத்து, கெயினை நன்றாகக் குறைத்த பிறகுதான் தோலின் நாதம் தெளிவாக விழுந்தது.

கடைசியில் கொஞ்சம் ரிவெர்ப் (மண்டபத்தில் பாடியது போன்ற எதிரொலி) போதும். சுருதியைத் தானாகத் திருத்தும் ஆட்டோடியூன் வேண்டாம். சுருக்கப்படாத டபிள்யூஏவி கோப்பை உங்களிடம் வைத்துக்கொண்டு, அனுப்புவதற்கு 320 கேபிபிஎஸ் எம்பி3 எடுங்கள். கோப்பின் பெயரிலேயே உங்கள் பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: ஹெட்போனில் தன் குரல் தாமதமாகக் கேட்டு தாளம் தப்புகிறது என்று குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார். நான் இதைச் சொல்லாமல் விட்டது தவறு. ப்ளூடூத் ஹெட்போன் கூடவே கூடாது, ஒயர் வைத்ததுதான் வேண்டும். ரீப்பரில் பஃபர் (லேப்டாப் ஒரே தடவையில் எடுத்துக் கையாளும் ஒலித் துணுக்குகளின் எண்ணிக்கை) 1024 என்றிருந்தால் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு வழிக்கே சுமார் 21 மில்லிசெகண்ட் ஆகிவிடும். 128க்கு இறக்குங்கள். லேப்டாப் திணறினால் லேப்டாப்புக்குப் போகாமலே குரலை நேராக ஹெட்போனுக்குத் தரும், இன்டர்ஃபேஸில் உள்ள டைரக்ட் மானிட்டரைப் போட்டு, ரீப்பரில் அந்த ட்ராக்கின் மானிட்டரை அணைத்துவிடுங்கள். தம்பி இரண்டையும் செய்து பார்த்தார், இப்போது தாளம் நிற்கிறதாம்.