பழைய செவெல்லில் 5.3 வி8: இன்ஜினைப் பிரித்துக் கட்டி ஏற்றுவது எப்படி

1968–72 செவர்லே செவெல் கார் கையில் இருக்கிறது, வேகமும் வேண்டும், பணமும் அதிகமில்லை என்றால் அமெரிக்காவில் பலரும் தேடிப் போவது எல்எம்7 இன்ஜினைத்தான். 1999 முதல் 2007 வரை செவர்லேயின் சில்வராடோ டிரக், டாஹோ வண்டிகளில் வந்த 5.3 லிட்டர் வி8. இரும்பு பிளாக், அலுமினிய ஹெட். வண்டியின் வின் (அடையாள) எண்ணில் எட்டாவது இடத்தில் ‘டி’ (T) எழுத்து இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்ப்யூட்டர், முழு வயரிங், மின்சார த்ராட்டில் என்றால் அதன் பெடல், மாட்யூல் எல்லாவற்றையும் அதே வண்டியிலிருந்தே எடுங்கள். தனித்தனியாக வாங்கினால் செலவு இரட்டிப்பாகும்.

1. பிரிப்பது

வால்வு கவரைக் கழற்றியதும் ஹெட்டின் வார்ப்பு எண்ணைப் பாருங்கள். 706 எண்ணோடு காஸ்டெக் என்ற வார்ப்பாலையின் முத்திரையும் இருந்தால் விரிசல் விழும் ரகம். கூலன்ட் சத்தமில்லாமல் ஆயிலில் கலக்கும். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் அதில் பணம் போடாதீர்கள்.

கனெக்டிங் ராடும் அதன் கேப்பும் ஒரே துண்டாகச் செய்து, பிறகு பிளக்கப்பட்டவை. ஒன்றின் கேப் இன்னொன்றில் உட்காராது. கழற்றும்போதே சிலிண்டர் எண்ணை எழுதிவிடுங்கள். பிளந்த முகத்தைத் தரையில் தேய்க்கவும் கூடாது.

2. லேத் பட்டறை

பிளாக் கழுவுதல், விரிசல் சோதனை, கேம் பேரிங் மாற்றுதல், ஹோனிங் (சிலிண்டர் சுவரைத் தீட்டுதல்) ஆகிய நான்கையும் பட்டறைக்கு விடுங்கள். கேம் பேரிங்குக்குத் தனிக் கருவி வேண்டும்; வீட்டில் முயன்று கெடுத்தவர்கள் ஏராளம். பிளாக்கின் பின்புறக் கவருக்குள், ஆயில் பாதையில் டம்பெல் வடிவப் பிளாஸ்டிக் துண்டு ஒன்று இருக்கும். கழுவும்போது எடுத்தால், புது ஓ-ரிங் போட்டு அதே திசையில் திரும்ப வைக்க வேண்டும். மறந்தால் ஆயில் ஃபில்டர் வழியாகச் சரியாகப் போகாது, பிரஷரும் இறங்கும்.

3. அளந்து கட்டுவது

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். பிளாஸ்டிகேஜ் (நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் இழை) வைத்து இடைவெளி பாருங்கள்: மெயின் பேரிங்கில் 0.020–0.052 மி.மீ., ராடு பேரிங்கில் 0.023–0.065 மி.மீ. டர்போ இல்லாத இன்ஜினுக்கு பிஸ்டனின் மேல் ரிங்கின் வாய் (இரு முனைகளுக்கு இடையிலான இடைவெளி) சுமார் 0.38 மி.மீ.; டர்போ போடும் எண்ணம் இருந்தால் சுமார் 0.58. சூட்டில் ரிங் விரியும். வாய் குறுகலாக இருந்தால் இரு முனையும் முட்டிப் பிஸ்டன் பிய்ந்துவிடும்.

ஹெட் போல்ட் துளைகளில் ஒரு சொட்டு எண்ணெயோ தண்ணீரோ நிற்கக் கூடாது. திரவம் அமுங்காது, போல்ட்டை இறுக்கினால் பிளாக்கே வெடிக்கும். காற்றடித்துக் காயவிடுங்கள். பழைய ஹெட் போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள், அவை ஒருமுறை நீள்பவை. 2004-க்குப் பிந்தைய ஹெட்டில் 11 மி.மீ. போல்ட்டுகளுக்கு முதலில் 30 நியூட்டன் மீட்டர், பிறகு 90 பாகை, பிறகு 70 பாகை, 8 மி.மீ. போல்ட்டுகளுக்கு வெறும் 30. முந்தைய ஆண்டுகளில் நீளமும் குட்டையுமாக இருவகை போல்ட் உண்டு, கோணமும் மாறும்.

ஆயில் பம்பின் உறிஞ்சு குழாயில் இருக்கும் ஓ-ரிங் பம்புக்குப் பம்பு அளவு மாறும். தப்பானதைப் போட்டாலோ நசுங்கினாலோ பம்ப் காற்றைக் குடிக்கும். புது இன்ஜின் பிரஷர் இல்லாமல் நிற்பதற்கு இதுவே அடிக்கடி காரணம். சற்று ஆயில் தடவி, குழாயை நேராகச் செலுத்தி, பிறகே போல்ட் போடுங்கள்.

கிராங்க் புல்லியைப் பழைய போல்ட்டால் 330 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி உட்கார வையுங்கள். அதைக் கழற்றிவிட்டுப் புது போல்ட்டை 50 நியூட்டன் மீட்டர், கூடவே 140 பாகை.

4. ஏற்றுவது

டிரக்கின் ஆயில் சம்ப் செவெல்லில் ஒத்துவராது: குறுக்குச் சட்டத்தில் இடிக்கும், தரைக்கும் தாழும். இன்ஜின் மாற்றத்துக்கென்றே விற்கும் சம்ப், இன்ஜினைச் சட்டத்தில் பொருத்தும் அடாப்டர் பிளேட் இரண்டும் வாங்குங்கள். உயரமான டிரக் மேனிஃபோல்டுக்கும் பானட்டுக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று களிமண் உருண்டை வைத்துப் பாருங்கள். ஹெட்டின் நீராவிக் குழாய்களை அடைத்துவிட வேண்டாம், அங்கேதான் காற்று தேங்கும்.

எரிபொருளில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கார்புரேட்டர் காலத்துப் பம்ப் இந்த இன்ஜினுக்குத் தேவையான 58 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) தராது. டாங்குக்குள் மின்சாரப் பம்ப்பும், 1999–2003 செவர்லே கார்வெட் காரின் ரெகுலேட்டர் சேர்ந்த ஃபில்டரும் போட்டால் வேலை சுலபம். கம்ப்யூட்டரில் திருட்டுத் தடுப்பை நீக்காவிட்டால் இன்ஜின் பிடித்து உடனே அணையும்.

5. முதல் ஸ்டார்ட்

ஸ்பார்க் பிளக்குகளையும் ஃபியூயல் ரிலேயையும் கழற்றி, பத்து விநாடி வீதம் ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். கேஜில் பிரஷர் எழாமல் பிளக்கைப் போடாதீர்கள். ஓடத் தொடங்கி சூடானபின், 1000 ஆர்பிஎம்மில் 6, 2000-ல் 18, 4000-ல் 24 பிஎஸ்ஐக்குக் கீழே இருந்தால் அணைத்துவிட்டு உறிஞ்சு குழாயின் ஓ-ரிங்கைச் சந்தேகியுங்கள்.

ரோலர் லிஃப்டர் என்பதால் பழைய வி8 போல நீண்ட நேரம் 2000 ஆர்பிஎம்மில் ஓடவிட வேண்டியதில்லை. ரிங் உட்கார வேண்டுமானால் ஐடிலில் விடாமல் சாலையில் மிதமான பாரத்தோடு ஓட்டுங்கள், முதல் ஆயிலை சீக்கிரமே மாற்றுங்கள். வடித்த ஆயிலில் வெள்ளித் துகள் மின்னினால் சம்பைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.