பழைய அதிவேக செடான் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

பிஎம்டபிள்யூ எம்5, மெர்சிடீஸ் இ63 ஏஎம்ஜி போன்ற கார்கள் முதல் சில வருடங்களிலேயே மதிப்பில் பெரும் பங்கை இழந்துவிடும். அந்த அடியை முதல் உரிமையாளர் வாங்கிய பிறகு வாங்குவது நமக்கு லாபம்தான்.

மைலேஜைப் பார்த்து மட்டும் பயந்து ஒதுங்க வேண்டாம். 100 கி.மீ.க்கு 16 லிட்டர் குடிக்கும் காருக்கும் 11 லிட்டர் குடிக்கும் காருக்கும், வருடம் 10,000 கி.மீ. ஓட்டினால் வித்தியாசம் 500 லிட்டர். அதன் விலையை, அதே வருடத்தில் கார் இழக்கப்போகும் மதிப்புக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கார் ரொம்பப் பழையதாக இல்லாவிட்டால் மதிப்பிழப்புதான் பெரும்பாலும் பெரிதாக இருக்கும். இவற்றுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவை. அந்த விலையிலேயே கணக்குப் போடுங்கள்.

அப்புறம், பராமரிப்பு. காரின் விலை பாதியாகலாம், பிரேக் டிஸ்க்கின் விலை பாதியாகாது. 507 குதிரைத்திறன் கொண்ட, இ60 என்று அழைக்கப்படும் தலைமுறை எம்5-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: அருமையான 5 லிட்டர் வி10 இன்ஜின், ஆனால் அதன் ராட் பேரிங் (பிஸ்டன் தண்டு கிராங்க் ஷாஃப்டுடன் சேரும் இடத்தில் உள்ள பேரிங்) தேய்மானம் ஊரறிந்த விஷயம். கவனிக்காமல் விட்டால் இன்ஜினே போய்விடும். பேரிங் மாற்றிய பில் இருக்கும் காருக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பதில் தவறே இல்லை. 2011-இல் வந்த அடுத்த தலைமுறை எம்5, டர்போ வி8 இன்ஜினால் சக்தியும் கூடி, பெட்ரோலும் குறைவாகவே குடிக்கிறது. தினமும் ஓட்டுபவர் அதைத் தேடலாம்.