மூச்சு வாங்குதா, முதல்ல ஊதி வெளிய விடுங்க

சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருக்கறவங்களுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சதும் சுத்தி இருக்கறவங்க "நல்லா இழுத்து விடுங்க, இழுங்க இழுங்க"ன்னு பதறுவாங்க. அந்த நேரத்துல இழுக்கறது இன்னும் திணற வைக்கும். இந்த நோய்ல மூச்சுக்குழாய் சுருங்கிப் போறதால உள்ள போன காத்து முழுசா வெளிய வர்றதில்ல, வேகமா மூச்சு விட விட பழைய காத்து உள்ளயே தேங்கிடும், தளும்பி நிக்கிற குடத்துல மேல மேல தண்ணி ஊத்தற மாதிரிதான் அது.

காத்து தேங்கி நுரையீரல் உப்பிப் போனா அதுக்குக் கீழ இருக்கற உதரவிதானம் தட்டையாயிடும். மூச்சு இழுக்கற வேலைல பெரும்பங்கு இந்தத் தசையோடதுதான், சாதாரணமா மேல வளைஞ்சு குடை மாதிரி இருக்கணும், தட்டையானா அதால சரியா இழுக்க முடியாது. அப்புறம் கழுத்துத் தசையும் தோள்பட்டையும் அந்த வேலைய எடுத்துக்கும். மூச்சு வாங்கறவங்க கழுத்தப் பாருங்க, ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி புடைச்சு நிக்கும். ரொம்ப நாள் ஸ்டீராய்டு மாத்திரை, உடம்பு மெலியறது, பயந்து நடக்காமயே உக்காந்திருக்கறது இதெல்லாம் சேர்ந்தா தசை இன்னும் பலவீனமாகும்.

சரி, என்ன பண்ணலாம். உக்காந்து முன்னாடி சாஞ்சு ரெண்டு முழங்கையயும் தொடை மேல ஊனிக்கோங்க, கை ஊனினா தோள்தசை மூச்சுக்கு உதவ முடியும். மூக்கு வழியா ரெண்டு எண்ற வரைக்கும் மெதுவா இழுங்க, உதட்டக் குவிச்சு நாலு எண்ற வரைக்கும் ஊதுங்க. முக்கி ஊத வேணாம், மெழுகுவர்த்திச் சுடர் ஆடணும் ஆனா அணையக் கூடாது, அந்த அளவு போதும். உதட்டக் குவிக்கும்போது உள்ள கொஞ்சம் அழுத்தம் நிக்கறதால குழாய் சீக்கிரம் மூடிக்காது, தேங்கின காத்து வெளிய வரும். சின்ன கை ஃபேன் இருந்தா முகத்துக்கு நேரா வச்சுக்கோங்க, மூச்சுத்திணறல் உணர்வு நெஜமாவே குறையும். படி ஏறும்போது நின்னு இழுங்க, ஊதிக்கிட்டே ஏறுங்க, குனியறதும் ஊதிக்கிட்டேதான். இத நல்லா இருக்கற நேரத்துலயே பழகிடுங்க, திணறும்போது புதுசா கத்துக்க முடியாது.

அடுத்தது தசைய பலப்படுத்தறது. மூணு பந்து இருக்கற, மூச்ச இழுத்து பந்த மேல ஏத்தற கருவி நிறைய பேர் வீட்ல இருக்கும், அது முக்கியமா ஆபரேஷனுக்கு அப்புறம் நுரையீரல் விரியறதுக்கானது, தசைப்பயிற்சிக்கு அத நம்ப வேணாம். இதுக்கு ஸ்பிரிங் வால்வு வச்ச தனி கருவி இருக்கு, குறிப்பிட்ட அழுத்தத்துக்கு இழுத்தாதான் வால்வு திறக்கும். பிசியோதெரபிஸ்ட்கிட்ட உங்க அதிகபட்ச இழுக்கும் அழுத்தத்த அளந்துக்கோங்க. அதுல 30 சதவீதத்துல ஆரம்பிக்கறது வழக்கம், உங்க அளவு 60 செ.மீ நீர் அழுத்தம்னு (இது அழுத்தத்த அளக்கற அலகு) வந்தா கருவிய 18ல செட் பண்ணணும். காலைல 30 மூச்சு, சாயந்திரம் 30 மூச்சு, பத்து பத்தா பிரிச்சு நடுவுல ஓய்வு எடுத்துக்கலாம். வேகமா அழுத்தி இழுத்து, அவசரப்படாம விடுங்க. தலை சுத்துனா வேகமா பண்றீங்கன்னு அர்த்தம், நிறுத்திட்டு அப்புறம் பண்ணுங்க. சுலபமாயிட்டா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. வித்தியாசம் தெரிய 6லருந்து 8 வாரம் ஆகும், விட்டுட்டா பலம் திரும்ப இறங்கிடும்.

ஆனா கருவி மட்டும் போதும்னு நினைச்சுடாதீங்க. என்னக் கேட்டா நடைக்குத்தான் முதல் இடம், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி (நுரையீரல் நோய் இருக்கறவங்களுக்கு மேற்பார்வையோட சொல்லித் தர்ற உடற்பயிற்சி) கிடைச்சா கட்டாயம் சேருங்க. கால் தசை தேறினா அதே தூரத்துக்கு மூச்சு கம்மியா வாங்கும். டாக்டர் சொன்ன இன்ஹேலர போட்டுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு நடங்க. நடக்கும்போது லேசா மூச்சு வாங்கறது தப்பில்ல, மூச்சு வாங்கவே இல்லன்னா பூஜ்யம், தாங்கவே முடியலன்னா பத்துன்னு வச்சுக்கிட்டா நாலு அளவுக்கு வாங்கினா பரவால்ல, ரெண்டு வார்த்தை சேர்ந்தாப்ல பேச முடியலன்னா நின்னுடணும்.

நுரையீரல்ல ஓட்டை விழுந்து காத்து கசிஞ்சிருந்தா, பெரிய காத்துப்பை இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருந்தா, விலா எலும்பு சமீபத்துல உடைஞ்சிருந்தா, காது ஜவ்வு கிழிஞ்சிருந்தா டாக்டர கேக்காம கருவியத் தொடாதீங்க. உதடு நீலமாகுது, திடீர்னு நெஞ்சு வலிக்குது, குழப்பமா பேசறாங்க, ஓய்வுலயே மூச்சு அடங்கலன்னா எந்தப் பயிற்சியும் வேணாம், உடனே எமர்ஜென்சிக்குக் கூட்டிட்டுப் போங்க.