'டன்ஸ்' என்று திட்டுவது எப்படி?

பாடம் ஏறாத பையனை அந்தக் காலத்து ஆங்கில வாத்தியார்கள் 'டன்ஸ்' என்பார்கள். நம் 'மக்கு'தான்.

படி 1: உச்சரிப்பு. 'ட' குறில். நீட்டினால் நடனமாகிவிடும்.

படி 2: பிறந்த கதை. இங்கே சற்று நிற்போம், ஏனென்றால் இது ஒரு மேதையின் பெயர். ஜான் டன்ஸ் ஸ்கோட்டஸ், ஸ்காட்லாந்தின் டன்ஸ் என்ற ஊரைச் சேர்ந்தவர், பிரான்சிஸ்கன் துறவி. ஆக்ஸ்ஃபோர்டிலும் பாரிஸிலும் கற்பித்துவிட்டு 1308இல் கொலோனில் இறந்தார். நூலிழை பிரிப்பது போல வாதிடுவார் என்பதால் 'நுண்மதி ஆசான்' என்ற பொருளில் அவருக்கு லத்தீனில் பட்டமே உண்டு.

இருநூறு ஆண்டுகள் கழித்துப் புதிய கல்விமுறை வந்தது. அவருடைய சீடர்களோ பழைய ஏட்டை விடவில்லை. எதிரணியினர் அவர்களை 'டன்ஸ் ஆட்கள்' என்று கேலி செய்தார்கள். 1535இல் எட்டாம் ஹென்றியின் அதிகாரிகள் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனபோது, நியூ காலேஜ் முற்றமெங்கும் ஸ்கோட்டஸ் நூலின் கிழிந்த தாள்கள் காற்றில் பறந்தன. ஒரு நாட்டுப்புறக் கனவான் அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். படிக்கவா? இல்லை, வேட்டைக்கான மான்கள் காட்டைவிட்டு வெளியேறாதபடி வெருட்டுத் தாள் கட்டுவதற்கு! அதிகாரி எழுதிய கடிதத்திலேயே இது இருக்கிறது.

கேலி நாளடைவில் சீடர்களை விட்டு விலகி, படிப்பு வராத எல்லார் தலையிலும் விழுந்தது.

படி 3: வாக்கியத்தில் வைப்பது. இது பெயர்ச்சொல், முன்னால் 'எ' சேர்க்க வேண்டும். 'ஐ வாஸ் எ டன்ஸ் அட் மேத்ஸ்' என்றால் 'கணக்கில் நான் மக்கு'. கெட்டவன், ஏமாற்றுக்காரன் என்ற பொருள் இதற்குக் கிடையாது. அயோக்கியனைத் திட்ட வேறு சொல் தேடுங்கள்.

படி 4: யாரைச் சொல்வது? உங்களையே சொல்லிக்கொண்டால் நகைச்சுவை. பிள்ளைகளிடம் வேண்டவே வேண்டாம். கூம்பு வடிவக் காகிதத் தொப்பியை மாட்டி, வகுப்பு மூலையில் குழந்தையை உட்கார வைத்த தண்டனைக்கும் இதே பெயர்தான் ஒட்டியிருக்கிறது.

படி 5: எழுத்து. ஆங்கிலத்தில் 'dunce' என்று எழுதுங்கள். 'Duns' என்று எழுதினால், 1993இல் போப் இரண்டாம் ஜான் பால் அருளாளர் என்று அறிவித்த அந்தத் துறவியின் ஊர் அது.